பயோடேட்டாவில் ஒரு பள்ளம்

கதை எழுதுகிறவனுக்கு ஊரில் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று உண்டு: மனு எழுதிக் கொடுப்பது. கோலியனூரில் நான் எழுதிக் கொடுத்த பட்டா மனுக்களும் முதியோர் உதவித்தொகை மனுக்களும் என் நாவல்களைவிட அதிகப் பலன் கொடுத்திருக்கின்றன. ஆனால் 2024ல் அடுத்த தெருப் பெண் கொண்டுவந்தது மனு அல்ல, பயோடேட்டா.

வாங்கிப் பார்த்தேன். 2018ல் பி.காம். அதற்குப் பிறகு வெறும் காகிதம். அடியில், ‘பொழுதுபோக்கு’ என்ற தலைப்பில் மூன்று சமாசாரங்கள்: பாட்டுக் கேட்பது, கோலம் போடுவது, குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது.

நடந்தது தெருவுக்கே தெரியும். 2019ல் அவளுக்கு முதுகெலும்பில் காசநோய் வந்தது. நுரையீரலில் வருவதுபோல் அது இருமலில் பிறருக்குத் தொற்றுவதில்லை. ஆனால் மருந்துக் காலம் நீளம். நுரையீரலுக்கு வழக்கமாக ஆறு மாதம் என்றால், இதற்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகும். எழுந்து நடமாடலாம் என்று வந்தபோது கொரோனா வந்து கதவைச் சாத்திவிட்டது.

அப்புறம்தான் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. 27-10-2021 அன்று நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கினார்கள். பள்ளிகள் மூடிக் கிடந்ததில் எழுத்தை மறந்துபோன பிள்ளைகளுக்கு, மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே, அவரவர் தெருவிலேயே பாடம். சொல்லிக் கொடுப்பவர்கள் தன்னார்வலர்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. இந்தப் பெண் நெடுநேரம் நிற்க முடியாதவள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு வருஷம் இருபது பிள்ளைகளைக் கட்டி மேய்த்தாள். (இருபது பிள்ளைகளை ஒரு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது என்ன வேலை என்று தெரியும்.)

“இதுவா பொழுதுபோக்கு?” என்றேன்.

“சம்பளம்னு ஒண்ணும் இல்லையே மாமா. வேலைன்னு போட்டா பொய்யாயிடாதா?”

‘அனுபவம்’ என்ற தலைப்புக்குக் கீழே செய்ததை எழுதுகிறோம், வாங்கியதை அல்ல. பக்கத்திலேயே ‘தன்னார்வலர்’ என்று போட்டுவிட்டால் பொய்க்கு இடம் ஏது?

அவள் தகப்பனார் வேறு யோசனை வைத்திருந்தார். “டி.என்.பி.எஸ்.ஸி.க்குப் படிச்சான்னு போட்டுடுங்க சார்.” நம் ஊரில் எல்லாப் பள்ளங்களுக்கும் இந்த ஒரே மண்ணைப் போட்டுத்தான் மூடுகிறார்கள்! எந்த வருஷம், எந்தக் குரூப் என்று எதிரே இருப்பவர் கேட்டால் மண் சரிந்துவிடும். வியாதியின் பெயரைக் காகிதத்தில் எழுத வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். கேட்டால் ஒரு வாக்கியம் போதும்: உடம்பு சரியில்லாமல் இருந்தது, சிகிச்சை முடிந்து குணமாகிவிட்டது.

மறுநாள் ‘சேவை மனப்பான்மையுடனும் அர்ப்பணிப்புடனும்’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். அடித்தேன். ‘வலியைப் பொருட்படுத்தாமல்’ என்பதையும் அடித்தேன். இரக்கப்பட்டு யாரும் கணக்கை ஒப்படைக்க மாட்டார்கள். எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, என்ன செய்தாய் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினாள். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இருபது பேர். தினமும் வருகைப் பதிவு. வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றைக்கே போய் விசாரிப்பது. எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்த ஏழு பேரில் ஐந்து பேர் வாசிக்கப் பழகினார்கள். மற்ற இருவரின் பெயரைச் சொல்லும்போது அவள் முகம் வாடியது.

ஐந்து வரிகள். ‘பொழுதுபோக்கு’ப் பகுதியில் கோலமும் பாட்டும் மட்டும் மிஞ்சின.

புதுச்சேரியில் முதலில் போன இடத்தில் உடம்புக்கு என்ன என்று துருவிக் கேட்டார்கள். சொன்னாள். கேட்டவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாராம். இரண்டாவது இடத்தில் இருந்த அம்மாள் வியாதியைப் பற்றிக் கேட்கவே இல்லை. வராத பிள்ளைகளை எப்படித் திரும்பக் கூட்டி வந்தாய் என்று கேட்டாராம். கால் மணி நேரம் இவள்தான் பேசியிருக்கிறாள். இப்போது அங்கே பாக்கி வசூல் கணக்கு இவள் பொறுப்பில் இருக்கிறது.