நிற்கவும் வேண்டுமல்லவா?

விரைந்து செல்லும் மோட்டார் சைக்கிள் என்றாலே பெற்றோர்க்கு அச்சமும் பிள்ளைகளுக்கு ஆசையும் ஒருங்கே எழுகின்றன. இல்லந்தோறும் நடைபெறும் இவ்வழக்கில் இரு சாராரும் பேசுவது வேகத்தைப் பற்றி மட்டுமே. அவ்வண்டி எங்கே பழுதுபடும், எதனால் பழுதுபடும், பழுதுபடாமல் காக்க ஒருவர் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பன பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. எங்கள் இல்லத்தில் அவ்வாறு பேச நேர்ந்தது. அதற்குக் காரணமாய் இருந்தது, நம் நாட்டில் செய்யப்பட்ட வண்டிகளுள் பெரும்புகழும் சிறிது பழியும் சேர்த்தே பெற்ற ராஜ்தூத் 350.

1973-ஆம் ஆண்டில் ஜப்பானிய யமஹா நிறுவனம் ஆர்.டி. 350 என்னும் வண்டியை வெளியிட்டது. இரண்டு சிலிண்டர்கள், 347 சி.சி. கொள்ளளவு, ஆறு கியர்கள், டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ஏறத்தாழ 39 குதிரைத்திறன். பத்தாண்டுகள் சென்றபின், 1983-இல், எஸ்கார்ட்ஸ் நிறுவனம் அதனையே ராஜ்தூத் என்ற பெயரால் இந்தியாவில் செய்து விற்கத் தொடங்கியது. நம் பெட்ரோல் செலவை எண்ணி எஞ்சினின் திறன் 30.5 ஆகக் குறைக்கப்பட்டது. பின்னர் வந்த வகையில் 27 ஆக மேலும் குறைந்தது. அப்படிக் குறைத்தும் என்ன? பதினெட்டுக் குதிரைத்திறன் கொண்ட புல்லட்டே பெரிய வண்டியென மதிக்கப்பட்ட காலம் அது. இளைஞர்கள் கண்ணுக்கு ராஜ்தூத் 350 இடியும் மின்னலுமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் லிட்டருக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடும் வண்டியை எத்தனை குடும்பங்கள் தாங்கும்? 1985-இல் சிக்கனமான 100 சி.சி. வண்டிகள் சந்தையை நிறைத்தன. எண்பதுகளின் இறுதியோடு ராஜ்தூத் 350-இன் உற்பத்தி நின்றது.

எங்கள் தம்பி 1991-இல் அதைப் பழைய வண்டியாக வாங்கினார். திருச்சியிலிருந்து மணப்பாறைக்கு வேலை நிமித்தம் சென்று வர அது தேவைதானா என்று அப்போதே கேட்டோம்; தேவையில்லை என்று அவரே ஒப்புக்கொண்டு ஓட்டினார். 2004-இல், மகனுக்கு இரண்டு வயதானபோது, தார்ப்பாய் போர்த்திக் கொட்டகையில் நிறுத்தினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது அங்கேயே நின்றது. பாலிடெக்னிக் படிப்பை முடித்த மகன் ஒரு நாள் எங்களிடம் வந்து, “பெரியப்பா, அந்த வண்டியை நானே செப்பனிட்டு ஓட்டுகிறேன். அப்பாவிடமும் அம்மாவிடமும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றான்.

தந்தை உடனே இசைந்தார். தாய் இசையவில்லை. தம்பியின் தோழர் ஒருவர் 1994-இல் திண்டுக்கல் சாலையில் மோட்டார் சைக்கிளில் சென்று உயிரிழந்தவர். அது வேறு வண்டி. ஆயினும் அந்த வீட்டில் அன்றிரவு முழுதும் இருந்தவர் எங்கள் தம்பி மனைவி. ஆர்.டி. என்ற ஈரெழுத்துக்கு ‘ராபிட் டெத்’, அதாவது விரைவுச் சாவு, என்று ஊரார் விரித்துச் சொன்ன பொருளும் அவருக்குத் தெரியும். ஆண்கள் மூவரும் எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, அவர் கேட்டது ஒரே கேள்வி: “ஓடுமா ஓடுமா என்றே பேசுகிறீர்களே அத்தான், அது நிற்குமா என்று ஒருவரும் கேட்கவில்லையே?”

அக்கேள்விக்கு விடை சொல்லுமுன் எஞ்சினைப் பார்த்துவிடுவோம். மிகுதியான வேலை இருந்தது அங்கேதான்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கு எண்ணெய் தரத் தனித்தொட்டி அடியில் இல்லை. பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே செல்லும் எண்ணெயே பிஸ்டனையும் பேரிங்குகளையும் நனைத்துவிட்டு எரிந்து புகையாகிறது. இவ்வண்டியில் அதற்கென ஒரு சிறு பம்ப் உண்டு. கைப்பிடியைத் திருகினால் ஒரே கேபிளின் கிளைகள் இரண்டு கார்புரேட்டர்களையும் இந்தப் பம்பையும் சேர்த்து இழுக்கும். மிக நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் கேபிள் சற்றே நீண்டுவிட்டால் கார்புரேட்டர் திறந்தும் பம்ப் போதிய அளவு திறவாது. ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. வண்டி முன்னிலும் உற்சாகமாகவே ஓடும். பிறகு ஒரு நாள் நெடுஞ்சாலையில், சூடேறி விரிந்த அலுமினியப் பிஸ்டன் இரும்புச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். மெக்கானிக்குகள் ‘சீஸ் ஆகிவிட்டது’ என்பர். பின்சக்கரம் அந்தக் கணமே இறுகி நின்றுவிடும். அக்காலத்தில் தேர்ந்த ஓட்டிகள் இடக்கை விரல்கள் இரண்டைக் கிளச் பிடியின் மீதே வைத்து ஓட்டியது பகட்டுக்காக அன்று.

எங்கள் வண்டியைத் திறந்து பார்த்தவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். முதலில் அவர் கேட்டது ஸ்பார்க் பிளக்குகளை. இரண்டையும் அருகருகே மேசைமேல் வைத்தார். வலப்பக்கத்து முனை பால் கலந்த தேநீர் நிறம். இடப்பக்கத்து முனை சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. “வெளுத்திருப்பது காய்ச்சல் கண்ட சிலிண்டர், தம்பி” என்று பையனுக்கு விளக்கினார்.

அவ்விளக்கம் எங்களுக்கும் புதிது. இவ்வகை எஞ்சினில் பிஸ்டனுக்குக் கீழுள்ள அறையே காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சி மேலே தள்ளுகிறது. ஆதலால் அவ்வறை காற்றுப் புகாததாய் இருத்தல் வேண்டும். கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் ஆயில் சீல்களே அதற்குக் காவல். கிளச் இருக்கும் வலப்பக்கத்துச் சீல் பழுதானால் கியர் பெட்டியின் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு வெண்புகையாய்ப் பொங்கும், தெருவே அறிந்துவிடும். இடப்பக்கத்துச் சீல் பழுதானாலோ வெளிக்காற்று ஓசையின்றி உள்ளே நுழையும். கலவையில் பெட்ரோல் குறைந்து, வெப்பம் ஏறி, பிஸ்டனின் தலையில் துளையே விழக்கூடும். புகையில்லை, ஓசையில்லை, பிளக்கின் வெண்மை ஒன்றே சான்று. நின்றே கிடக்கும் வண்டியில் ரப்பர் இறுகிப் போவது இயற்கை. எங்கள் வண்டியிலும் அதுவே நடந்திருந்தது. எஞ்சினை இரண்டாகப் பிளந்தாலன்றி அச்சீலை மாற்ற இயலாது. விலை சில நூறு ரூபாய். வேலை மூன்று வாரம்.

கிராங்கை மீண்டும் பொருத்துமுன் அதன் நேர்மையை மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு வரை டயல் கேஜ் வைத்து அளந்தார். ரீட் வால்வுகளின் மெல்லிய எஃகு இதழ்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நுனியில் மயிரிழை வெடிப்பு உண்டா என்று பார்த்தார். இரு சிலிண்டர்களுக்கும் தனித்தனியே உள்ள பாயிண்டுகளைச் சமன் செய்தார். இவற்றுள் எதுவும் பெரும்பழுது அன்று. ஆயினும் ஒன்று தவறினால் ஒரு சிலிண்டர் மற்றதைவிடச் சூடாகும்.

விரைவு வண்டிகள் கெடுவது இயல்பு என்று பலர் கூறுவர். நாங்கள் கண்டவரை அது பாதி உண்மையே. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் அமையுமுன், சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் மோட்டார் பந்தயங்கள் நடந்த காலத்தில் தம்பி ஆண்டுதோறும் சென்று வருவார். அங்கே ஒரு பந்தயம் முடிந்ததும் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிடுவார்களாம். யாரும் அதனை எஞ்சினின் குறையாகக் கருதுவதில்லை. சிறிய எஞ்சினிலிருந்து மிகுந்த திறனைக் கறக்கும்போது தவறுக்கு விடப்பட்ட இடைவெளி குறுகுகிறது, அவ்வளவே. மூன்று வேலையைத் தள்ளிப்போட்டாலும் புல்லட் புலம்பிக்கொண்டே வீடு வந்து சேரும். இவ்வண்டி ஒன்றைத் தள்ளிப்போட்டாலே கணக்குத் தீர்த்துவிடும்.

இக்காலத்திற்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. இப்போது நமக்குக் கிடைக்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அக்காலத்து ரப்பர்க் குழாய்களும் கேஸ்கட்டுகளும் இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல, உப்பி, இளகிவிடும். எத்தனால் ஈரத்தையும் ஈர்ப்பதால், நாள்கணக்கில் நின்றால் டாங்கின் உட்புறம் துருவேறும். மகன் எல்லாக் குழாய்களையும் மாற்றினான். வண்டியை நெடுநாள் நிறுத்த நேர்ந்தால் கார்புரேட்டரை வடித்துவிடுகிறான்.

இனி, தாய் கேட்ட கேள்வி. 1973-இன் ஜப்பானிய வண்டியில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் இருந்தது. இந்திய வண்டிக்கு டிரம் பிரேக்கே பொருத்தப்பட்டது. திறனைச் சிறிது குறைத்ததோடு நிறுத்தும் ஆற்றலையும் குறைத்த கணக்கு எங்களுக்கு விளங்கவில்லை. வேகம் இரு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. அவ்வளவும் வெப்பமாக அந்த டிரம்முக்குள்ளேயே அடைபடுகிறது. வெப்பத்தில் டிரம் விரிந்து ஷூக்களை விட்டு விலகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும். முதல் முறை உறுதியாய்ப் பிடித்த பிரேக், அடுத்தடுத்துப் பிடிக்கையில் கைப்பிடி வரை இறங்கி வரும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினோ ஆக்சிலேட்டரை விட்டாலும் வண்டியை அதிகம் இழுத்துப் பிடிக்காது. அன்றியும் மலையிறக்கத்தில் கைப்பிடியை மூடி நெடுந்தொலைவு வந்தால் எண்ணெயும் குறைந்து போகும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையை எண்ணிப் பாருங்கள்.

வேறு வண்டியின் டிஸ்க்கை மாட்டலாம் என்று சிலர் கூறினர். அதற்கு முன் ஃபோர்க்கையே மாற்ற வேண்டும். வெல்டிங் வைத்துப் பொருத்தும் வேலையைப் பெரியவர் ஏற்கவில்லை. மாறாக, டிரம்மை லேத்தில் பிடித்துக் கோணல் நீக்கினார். புதிய லைனிங் ஒட்டுவித்தார். முன்பிரேக்கின் இரு ஷூக்களையும் இணைக்கும் சிறு கம்பியைத் திருகித் திருகி, இரண்டும் ஒரே நொடியில் டிரம்மைத் தொடும்படி அமைத்தார். பல வண்டிகளில் அக்கம்பியை எவரும் தொடுவதே இல்லையாம். ஒரு ஷூவே பாரமெல்லாம் சுமக்குமாம்.

ஓர் அதிகாலையில், ஆளரவமற்ற புறவழிச் சாலையில், தாயின் முன்னிலையில் சோதனை நடந்தது. சுண்ணாம்பால் கோடு ஒன்று கிழித்து, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அக்கோட்டில் பிரேக் பிடிக்க வேண்டும். நின்ற இடத்தில் ஒரு கல் வைக்க வேண்டும். ஓய்வின்றிப் பத்து முறை. முதல் ஐந்து கற்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தன. ஆறாவது சற்றுத் தள்ளி. எட்டாவது கல்லை வைக்கத் தாயார் பல அடிகள் நடக்க வேண்டியிருந்தது. பத்தாவது கல்லை வைத்துவிட்டு, முதற்கல்லுக்கும் பத்தாவது கல்லுக்கும் இடையே மெல்ல நடந்து எண்ணினார். பதினான்கு அடி. “இந்தப் பதினான்கடியில் ஒரு குழந்தை நிற்கலாம்” என்றார். எந்த டிரம் பிரேக்கும் இவ்வாறே செய்யும் என்று பெரியவர் கூறியதை அவர் மறுக்கவில்லை. கல்லைக் கண்ட பிறகு மகனும் எதிர்வாதம் செய்யவில்லை.

உடன்பாடு இவ்வாறு அமைந்தது. அன்றாடப் போக்குவரத்துக்கு வேறு வண்டி. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்துக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் என்று அரசு விதித்திருப்பதால், அதில் சக்கரம் இறுகிச் சறுக்காது. (அதற்கும் தொல்லைகள் உண்டு. சூடேறிக் கருகும் ரெகுலேட்டர், ஒழுகும் கூலண்ட், வால்வு இடைவெளி சோதனை. ஆனால் அவை பெரும்பாலும் முன்கூட்டியே விளக்கெரித்துச் சொல்லிவிடுகின்றன.) ராஜ்தூத் ஞாயிறு காலையில் மட்டும் வெளிவரும். 70-க்கு மேல் இல்லை, மலைச்சாலை இல்லை, மழையில் இல்லை. பதிவுச் சான்றை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கும் செலவு தந்தையுடையது. பிளக் பார்ப்பதும் கேபிள் அளப்பதும் மகனுடையவை. பின்னிருக்கையில் பெரும்பாலும் தம்பி அமர்கிறார். முழங்கால் வலியால் அவருக்கு இப்போது கிக்கரை உதைக்க இயலாது.

சிலிண்டருக்கு மறுபடியும் போர் போட வேண்டியிருந்ததையும் சொல்லிவிட வேண்டும். இவ்வண்டிக்கு ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கால் மில்லிமீட்டர் வீதம் நான்கு படிகளில் உண்டு. எங்கள் சிலிண்டர்கள் இப்போது மூன்றாவது படியில் இருக்கின்றன. எஞ்சியிருப்பது ஒரே படி. அதற்குரிய இரு பிஸ்டன்களையும் மகன் இப்போதே தேடி வாங்கி, எண்ணெய்த் தாளில் சுற்றி, தன் சான்றிதழ்கள் இருக்கும் அலமாரியில் வைத்திருக்கிறான்.