பதிவேட்டில் உறங்கும் பெயர்கள்

பாலாற்றங்கரையில் தோலும் கல்வியும் ஒன்றையொன்று வளர்த்திருக்கின்றன. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கியது; மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இல். அந்த அப்துல் ஹக்கீம் சாகிப் தோல் வணிகத்தில் ஈட்டியதை வாரிக் கொடுத்தவர். இந்த வட்டாரக் கல்லூரியொன்றில் வேதியியல் படித்தவன் நான். ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளில் எனக்குத் தெரிந்த கெமிஸ்டுகள் பலரும் அப்படிப் படித்தவர்களே. ஆனால் அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கல்லூரியின் வேதியியல் துறையில் கேட்டால் பதில் கிடைப்பதில்லை.

முன்னாள் மாணவர் சங்கம் இல்லாத கல்லூரி இன்று அரிது. கல்லூரிகளின் தரம் பார்க்கும் 'நாக்' மதிப்பீட்டில் அதற்கும் மதிப்பெண் உண்டு. ஆண்டுக்கொரு கூட்டம், பொன்னாடை, பிரியாணி, குழுப்படம். பழைய நண்பர்களைப் பார்க்கும் மகிழ்ச்சி பெரிது, அது வேண்டும். ஒரு அறிவியல் துறைக்கோ அதற்கு மேலும் ஒன்று தேவைப்படுகிறது. தன் மாணவர்கள் வேலையில் கற்ற வேதியியல் துறைக்குத் திரும்பி வர வேண்டும்.

குரோமியத்தையே எடுத்துக்கொள்வோம். தோல் பதனிட டிரம்மில் போடும் குரோம் உப்பு முழுவதும் தோலில் ஏறிவிடாது. கணிசமான பங்கு கழிவுநீரோடு போகும். அதைக் காரம் சேர்த்துப் படியவைத்து, அமிலத்தில் கரைத்து மறுபடி பயன்படுத்தலாம் என்று பாடத்தில் படிக்கிறோம். தோலுக்குத் தோல் அந்தக் கணக்கு எப்படி மாறுகிறது, பச்சைத் தோலைக் கழுவிய நீரின் உப்பை என்ன செய்வது என்பதெல்லாம் டிரம்மின் அருகில் பல ஆண்டுகள் நின்றவருக்கே தெரியும். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் டேனரி நடத்த முடியாது என்ற நிலை உறுதிப்பட்டது. அன்று இளைஞர்களாக டேனரி ஆய்வுக்கூடங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இப்போது ஓய்வை நெருங்குகிறார்கள். அவர்கள் கற்றதைக் கேட்டு எழுதிவைக்க வேண்டியது துறையின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாலாற்றுத் தண்ணீரைப் பற்றி நாளை ஆய்வு செய்யப்போகும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய சொத்து எது?

துறைக்கும் பழைய மாணவருக்கும் இடையே இப்படியொரு பிணைப்புக்கு முன்னுதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் வேலூர் சி.எம்.சி. ஆயிற்று. படித்து முடித்ததும் மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்றும் பொறுப்பை ஏற்றே அங்கே பலர் சேர்கிறார்கள். உறவு சேர்க்கையன்றே தொடங்கிவிடுகிறது. நம் துறைகளோ மாணவர் வெளியேறிப் பல ஆண்டுகள் ஆன பிறகு தேடுகின்றன. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரையும், படிப்பு முடியும் முன்பே, வேலையில் இருக்கும் ஓர் அண்ணனிடமோ அக்காவிடமோ அறிமுகப்படுத்தினால் போதும்.

அக்கா என்று சொல்வதில் எனக்கு அழுத்தம் உண்டு. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பையன்கள் இருப்பார்கள். நன்றாகப் படித்த மாணவிகள் திருமணமாகி ஊர் மாறி, எண் மாறி, பட்டியலிலிருந்தே காணாமல் போயிருப்பார்கள். அவர்களில் எத்தனையோ பேர் பள்ளிகளில் வேதியியல் கற்பிக்கிறார்கள். துறைக்கு அடுத்த தலைமுறை மாணவர்களை அனுப்பப்போவது அவர்கள்தான். அமெரிக்காவில் இருப்பவரைத் தேடும் அக்கறையோடு இவர்களையும் தேட வேண்டும். ஷிப்டு வேலை பார்க்கும் கெமிஸ்டையும் மேடைக்கு அழைக்க வேண்டும்.

தேடலைப் பழைய சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்த 2002க்கு முன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் பட்டம் வாங்கியவர்களின் ஊரும் தந்தை பெயரும் அதில் இருக்கும். ஊரில் விசாரித்தால் ஆள் கிடைத்துவிடுவார்.

இந்த வட்டாரத்தில் வேதியியல் படித்தவரா நீங்கள்? பெயர், படித்த ஆண்டு, இப்போது செய்யும் வேலை, ஒரு மாணவருக்குக் கற்றுத்தரக்கூடிய ஒரு விஷயம் ஆகியவற்றை எழுதி இந்த மாதமே உங்கள் துறைத் தலைவருக்கு அனுப்புங்கள். நன்கொடை பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.