முகம் தெரியாத ஒருவரிடம் பேசுங்கள்

நம் பெரியபட்டினத்தில் யார் வீட்டில் கடன், யார் பிள்ளை பெயில், எந்தச் சம்பந்தம் முறிந்தது என்பதெல்லாம் மஃரிபுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். கல்யாணத்துக்கும் மௌத்துக்கும் ஓடிவருகிற அதே நெருக்கம்தான், பிள்ளைகளே, மனசு உடைந்தவனின் வாயை அடைத்துவிடுகிறது. மாமாவிடம் சொன்னால் வாப்பா காதுக்குப் போகும். வாப்பா வளைகுடாவில் இருப்பார். அவரிடம் போனில் பேசும்போது எல்லோரும் "நல்லா இருக்கோம்" என்றுதான் சொல்கிறோம்.

அதனால்தான் முகம் தெரியாத ஒருவர் வேண்டும். சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் 'சினேகா' என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். எண் 044-24640050. எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. "ஹராமான காரியத்தை நினைக்கலாமா" என்று அதட்ட மாட்டார்கள், கேட்பார்கள்.

கேட்டால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று நினைப்பீர்கள். 1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், சாக நினைப்பவர்கள் அழைக்க ஒரு தொலைபேசியை வைத்தார். நேரில் வந்து அவருக்காகக் காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணைக்கு உட்கார்ந்தார்கள். வந்தவர்களில் பலர் அந்தப் பேச்சிலேயே பாரம் குறைந்து, பாதிரியாரைப் பார்க்காமலே வீடு திரும்பினார்கள். படித்த வைத்தியத்தைவிட அந்தக் காதுகள்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டன. சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் ஏறி, கொஞ்ச நேரத்தில் இறங்குகிற வேகம். அது உச்சத்தில் நிற்கும்போது ஒருவர் கூட இருந்தால், குரலாக இருந்தாலும் போதும், அந்த நேரம் கடந்துவிடும்.

சினேகாவின் போனில் கேட்டது ஊருக்கும் உதவியிருக்கிறது. தேர்வு முடிவு நாட்களில் பிள்ளைகள் அழுததைக் கேட்டுக் கேட்டுத்தான், தோற்றவர்களுக்கு அந்த ஆண்டே மறுதேர்வு வேண்டும் என்று சினேகா வற்புறுத்தியது. இன்று நீங்கள் ஓர் ஆண்டை இழக்காமல் துணைத்தேர்வு எழுதுகிறீர்களே, அதன் பின்னால் அந்தக் குரல்களும் இருக்கின்றன.

மனநோயை மறைத்து வைத்தால் என்ன ஆகும் என்பது நம் கரைக்குத் தெரியாததல்ல. கீழக்கரையைத் தாண்டினால் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று, அங்கே சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். நோயாளியைப் பேச விடாமல் கட்டிப் போட்ட காலம் அது. 2017-ன் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றும் சொன்னது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் இனி யாரும் வாய் மூடியிருக்கத் தேவையில்லை.

2022 அக்டோபர் முதல் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணும் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். உன் கூட்டாளி ஒருவன் திடீரென்று ஒதுங்கிப் போனாலோ, பிடித்த பொருளையெல்லாம் கொடுத்துவிட்டாலோ, "சாகணும்னு தோணுதாடா?" என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமென்றால் அவனைத் தனியே விடாதே. பக்கத்தில் உட்கார்ந்து நீயே எண்ணை அழுத்திக் கொடு. லைன் கிடைக்காவிட்டால் மருத்துவ உதவி எண் 104-க்குப் போடு. உயிருக்கே ஆபத்து என்றால் 108 ஆம்புலன்ஸ்.