டில்லி அத்தையும் விழுப்புரத்து அத்தையும்

இது கெர்னல் பத்தின பதிவு மக்களே. ஓடணும்னு நினைக்கறவங்க இப்பவே ஓடிடலாம். ஆனா கதையில ரெண்டு அத்தை வர்றாங்க, அதுக்காகவாச்சும் கொஞ்சம் இருந்து பாருங்க :-)

முதல் அத்தை பேரு டில்லி. நிஜ ஆளு கிடையாது. எரிக் ரேமண்ட் உருவாக்கின கற்பனை அத்தை. லினக்ஸ் கெர்னலை நாமளே கம்பைல் பண்ணணும்னா ஆயிரக்கணக்கான கேள்விக்கு பதில் சொல்லணும். இந்த நெட்வொர்க் கார்டு வேணுமா, அந்த சவுண்ட் சிப் வேணுமான்னு கேட்டுக்கிட்டே இருக்கும். நம்ம மிஷின்ல என்ன இருக்குன்னு நமக்கே பாதி தெரியாது. ரேமண்ட் சிஎம்எல்2-ன்னு ஒரு புது ஏற்பாடு எழுதினார். அதோட சேர, மிஷினை தானே மோப்பம் பிடிச்சு அதுக்கேத்த மாதிரி கெர்னலை அமைக்கற ஒரு கருவி. அந்தக் கருவி ஜியாகோமோ கடெனாட்சியோட வேலை. கம்ப்யூட்டர் தெரியாத டில்லி அத்தை கூட இனிமே ஒரு பட்டனைத் தட்டி கெர்னல் செஞ்சுக்கலாம்னு 2002 ஜனவரியில ரேமண்ட் வாதாடினார்.

மத்த கெர்னல் ஆளுங்க சிரிச்சாங்க. அத்தை எதுக்குய்யா கெர்னல் கம்பைல் பண்ணணும்? சிஎம்எல்2 உள்ளயே போகல. அந்த வருஷக் கடைசியில ரோமன் ஜிப்பல் எழுதின கேகான்ஃபிக் வந்துச்சு, இன்னிக்கும் அதான் ஓடுது.

எங்க ஊர்ப்பக்க உதாரணம் சொல்றேன். விழுப்புரம் ஜங்ஷன்ல அஞ்சு பக்கம் தண்டவாளம் பிரியும். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, பாண்டிச்சேரி. எந்த வண்டி வரும்னு பாத்துட்டு அப்புறம் தண்டவாளம் போடறதில்ல. எல்லாப் பக்கமும் போட்டு வச்சிருக்கு, வர்ற வண்டிக்கு ஏத்த மாதிரி பாதையை மாத்தி விடறாங்க. இன்னிக்கு லினக்ஸும் அப்படித்தான். சில ஆயிரம் டிரைவர் தனித்தனி மாட்யூலா டிஸ்க்ல தூங்கும். ஒவ்வொரு பிசிஐ கார்டும் யூஎஸ்பி சாமானும் தன் கம்பெனி நம்பரையும் மாடல் நம்பரையும் சொல்லும் (இன்டெல்லோட நம்பர் 8086, குசும்பைப் பாருங்க). அந்த நம்பரை வச்சு பட்டியல்ல தேடி, பொருந்தற மாட்யூலை மட்டும் எழுப்பிக்கும். யாரும் எதுவும் கம்பைல் பண்ண வேணாம். ஆக டில்லி அத்தை விஷயத்துல சிரிச்சவங்க சொன்னதுதான் சரின்னு நானும் நினைச்சுட்டு இருந்தேன்.

இப்ப ரெண்டாவது அத்தை. என் சொந்த அத்தை. விழுப்புரத்துல சின்னதா ஜெராக்ஸ் கடை, கூடவே ஆன்லைன் அப்ளிகேஷன் போட்டுக் குடுப்பாங்க. மிஷின், அவங்க பையனுக்கு ப்ளஸ் டூல கிடைச்ச அரசு லேப்டாப். 2011ல ஆரம்பிச்ச திட்டம்தான். ரெண்டு ஜிபி ராமுக்கு லினக்ஸ்தான் தாங்கும்னு நான் போட்டுக் குடுத்தது. நல்லாத்தான் ஓடிச்சு. ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் மூடித் தொறந்தா ஸ்கிரீன் கறுப்பு. ஒரு பொண்ணோட அப்ளிகேஷன் பாதி அடிச்சதோட போச்சு, கடைசி தேதி அன்னிக்கு. நல்லவேளை, பக்கத்துக் கடையில போய் போட்டுட்டாங்க. ஆனா அத்தைக்கு அன்னிக்கு சோறு எறங்கல.

பழைய கெர்னல்ல பிரச்சினை இல்ல, புதுசுல இருக்கு. நடுவுல பத்தாயிரத்துக்கும் மேல மாற்றம். எது கெடுத்துச்சுன்னு கண்டுபிடிக்க பாதி பாதியா வெட்டிக்கிட்டே போகணும், சுமார் 14 தடவை கம்பைல். எல்லா மாட்யூலோடயும் பண்ணா திண்டிவனத்துல என் டெஸ்க்டாப்புக்கு ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு வந்து ராத்திரி அதை யார் பாக்கறது?

இங்கதான் ஸ்டீவன் ராஸ்டெட் கைகுடுத்தார். அவர் எழுதின 'லோக்கல்மாட்கான்ஃபிக்' 2009 டிசம்பர்ல வந்த 2.6.32லேர்ந்து கெர்னலோடயே வருது. இப்ப எந்தெந்த மாட்யூல் எழுந்திருக்குன்னு பாத்து, மத்ததை எல்லாம் கான்ஃபிக்லேர்ந்து தூக்கிடும். கிட்டத்தட்ட ரேமண்ட் கேட்டதேதான், வேற ஆளுக்காக! அதை விட அழகு, பட்டியலை ஒரு மிஷின்ல எடுத்து கம்பைலை வேற மிஷின்ல பண்ணலாம். விழுப்புரத்துல பட்டியல், திண்டிவனத்துல சமையல்.

ஒரு சிக்கல் உண்டு. பட்டியல் எடுக்கற நேரத்துல சொருகாத சாமான் கணக்குல வராது. பாண்டி வண்டி இன்னிக்கு வரலைன்னு அந்தத் தண்டவாளத்தையே பேத்த கதை ஆயிடும். அதனால அத்தைக்கு போன் போட்டேன். "அத்தை, கடையில இருக்கற பென்டிரைவ், பிரின்டர், கார்டு ரீடர், போன் நெட் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா சொருகி எடுங்க."

"எல்லாத்துக்கும் ஒரே ஓட்டைதான்டா வேலை செய்யுது."

பரவால்ல. உருவினாலும் மாட்யூல் பொதுவா உள்ளயே உக்காந்திருக்கும். முடிச்சதும் பட்டியலை நெட்டு வழியா இழுத்துக்கிட்டேன். கம்பைல் பன்னெண்டு நிமிஷத்துக்கு எறங்கிச்சு.

அப்புறம் ரெண்டு வாரம். தினம் ராத்திரி ஒரு கெர்னல் செஞ்சு அனுப்புவேன். காலையில கடை தொறந்ததும் அத்தை மெனுவுல புதுசை எடுத்து, மூடித் தொறந்து பாப்பாங்க. வாட்ஸாப்ல ஒரே வார்த்தை வரும். "கறுப்பு." இல்லைன்னா "வந்துச்சு." சோதிச்சு முடிச்சதும் பழைய கெர்னலுக்குப் போயிடுவாங்க, யாவாரம் கெடக்கூடாதுல்ல. ஆறாவது நாள் "வந்துச்சு, ஆனா மெதுவா. மறுக்கா பாத்தேன், கறுப்பு"ன்னு எழுதினாங்க. எங்க ஆபீஸ் டெஸ்டிங் டீம்ல கூட இப்படி மறுபடி பாக்க மாட்டாங்க. அந்த ஒரு வரி இல்லைன்னா தப்பான பாதியில போயிருப்பேன்.

பதினாலாவது நாள் டிஸ்ப்ளே டிரைவர்ல ஒரு சின்ன மாற்றத்துல வந்து நின்னுச்சு. அதை எழுதினவருக்கே தகவல் அனுப்பினேன், சீக்கிரமே சரி பண்ணிட்டார். அது அப்டேட்ல வர்ற வரைக்கும் நான் செஞ்ச கெர்னல் ஓடிச்சு. வந்ததும் என்னுதைத் தூக்கிட்டு பழையபடி எல்லாத் தண்டவாளமும் உள்ள பெரிய கெர்னலுக்கே மாத்திட்டேன். கடைக்கு நாளைக்கு யார் என்ன சாமானோட வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்?

தகவல் அனுப்பும்போது "சோதித்தவர்"னு ஒரு வரி போடலாம். அத்தை பேரை போடட்டுமான்னு கேட்டேன். "காசு எதுவும் கேக்க மாட்டாங்களே?"ன்னாங்க. இல்லைன்னதும் இனிஷியலோட போடச் சொன்னாங்க.