பாதி செத்த புளியமரம்

ஆடிச் சனிக்கிழமைன்னா எங்க குச்சனூர்ல கால் வைக்க இடம் இருக்காது. சுரபி ஆத்தங்கரையில சனீஸ்வரரைக் கும்பிட்டுட்டு, அப்படியே நம்ம வீட்டையும் எட்டிப் பார்க்கிற நண்பர்கள் உண்டு. போன ஆடியில் மதுரையிலிருந்து வந்தவர் திண்ணையில் இருந்த தொட்டியைப் பார்த்துட்டு, "என்னங்க, பாதி மரம் செத்துக் கிடக்கே, அதைச் செதுக்கி எறிஞ்சா என்ன?" என்றார். அவருக்கு அன்னைக்கு முழுசாச் சொல்ல முடியல. இங்கே சொல்றேன்.

அது புளி. ஒன்றரை அடி உயரம்தான். எங்க தோட்டத்துக் கிணத்துமேட்டு வரப்புல தானா முளைச்சு, ஆடு கடிச்சுக் கடிச்சே குட்டையாப் போனது. அடிமரம் மட்டும் முழங்கை கனம். அப்பா காலமான பிறகு, கடனை அடைக்க அந்த முக்கால் ஏக்கரைக் கொடுக்க வேண்டியதாச்சு. கிரயத்துக்கு முந்தின வாரம் போய் இதை மட்டும் வேரோட தோண்டி எடுத்துட்டு வந்தேன். ஒரு பக்கம் பட்டையே இல்லாம, கட்டை வெளியே தெரிஞ்சது.

போன்சாய் வளர்க்கிறவங்க இப்படிச் செத்த பாகத்தை வெட்டாம வச்சிருப்பாங்க. ஜப்பான்ல கிளை செத்து நின்னா 'ஜின்', தண்டுல பட்டை போய்க் கட்டை தெரிஞ்சா 'ஷாரி'ன்னு பேரே உண்டு. அங்க இதுக்கு அதிகம் எடுக்கிறது ஜூனிப்பர். பிசின் உள்ள கட்டை, லேசுல மக்காது. நம்ம பள்ளத்தாக்குல மேற்கே இருந்து சாரல், தரையில கரையான். ஆல், அத்தி மாதிரி மெத்துன்னு இருக்கிற கட்டை நிக்கவே நிக்காது. புளிக்கு மட்டும் உள்ளே வைரம் உண்டு. வெளி வெள்ளைக்கட்டை உளுத்து உதிர்ந்தாலும் வைரம் தாங்கும்.

நான் முதல்ல செஞ்சது முட்டாள்தனம். வேலிக்காலுக்குப் பூசுற மாதிரி கழிவு ஆயிலைப் பூசிவிட்டேன். அது உயிர்ப்பட்டைக்குள்ளேயும் ஊறி, நல்லா இருந்த ஒரு கிளை காய்ஞ்சுபோச்சு.

அப்புறம் கத்துக்கிட்டது கந்தகச் சுண்ணாம்புக் கரைசல். கம்பம் பக்கத்துத் திராட்சைக்காரங்க சுண்ணாம்பை மயில்துத்தத்தோட சேர்த்து போர்டோ கலவையா அடிப்பாங்க இல்லையா, இது அதோட பங்காளி. திராட்சையில சாம்பல் நோய்க்குன்னு வந்த மருந்துதான், மரக்கட்டைக்கும் ஆச்சு. 100 கிராம் கற்சுண்ணாம்பு, 200 கிராம் கந்தகத்தூள், ஒரு லிட்டர் தண்ணி. செங்கல் நிறம் வர்ற வரைக்கும் திறந்த வெளியில காய்ச்சணும். அழுகின முட்டை நாத்தம். மூக்கையும் கண்ணையும் மூடிக்கிட்டு, காத்து அடிக்கிற பக்கம் நிக்காம செய்யணும். அலுமினியப் பாத்திரம் ஆகாது.

முதல்ல உளுத்ததை எல்லாம் கெட்டிக்கட்டை வர்ற வரைக்கும் சுரண்டணும். கட்டையை லேசா நனைச்சு, தொட்டி மண்ணை பிளாஸ்டிக் தாளால மூடி, சின்ன பிரஷ்ல செத்த பாகத்துக்கு மட்டும் தொடணும். பூசும்போது மஞ்சள், வெயில்ல காய்ஞ்சா எலும்பு வெள்ளை. வருஷத்துக்கு ரெண்டு தடவை போதும். முக்கியமான இடம் மண்ணைத் தொடுற அடிக்கட்டைதான், அங்கதான் சீக்கிரம் மக்கும். அதனால அங்க மண்ணைத் தள்ளி கல்லை வச்சிருக்கேன்.

முதல் தடவை பூசிக் காய வச்ச அன்னைக்கு அம்மா பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இது உங்கப்பா வச்ச தீடா" என்றாங்க.

எனக்குத் தெரியாது. நான் கைப்பிள்ளையா இருந்தப்போ, வரப்புல காய்ஞ்ச புல்லைக் கொளுத்தியிருக்கார். காத்து திரும்பி, வைக்கப்படப்பு மொத்தமும் போச்சாம். அந்த வருஷம் மாட்டை வித்திருக்காங்க. அப்பா அதைப் பத்தி யார்கிட்டேயும் பேசினதில்லை. புளி மட்டும் ஒரு பக்கம் வெந்து, மறுபக்கம் துளிர்த்திருக்கு.

நிலம் இப்போ பிளாட்டுக் கல் நட்டுக் கிடக்கு. கிணத்தையும் மூடிட்டாங்க. அந்த மண்ணுல அப்பா கை பட்டதுன்னு காட்ட என்கிட்ட இருக்கிறது இந்த ஒரு சாண் வெள்ளைக்கட்டைதான். அதை எப்படிங்க செதுக்கி எறியறது?

அடியில நகம் இறங்குற அளவுக்கு ஒரு இடம் மெத்துன்னு இருக்கு. சாரல் நின்னதும் சுரண்டிப் பூசணும். அதுவரைக்கும் அம்மா தினமும் காலையில தொட்டியைத் திருப்பி, அந்தப் பக்கத்தை வெயிலுக்குக் காட்டி வச்சிடுறாங்க.