திக்கும் குரல்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணினியின்முன் அமர்ந்து இசையமைத்துக் கொண்டிருந்த என் பேரன், "தாத்தா, 'பறந்து வா' என்று ஒருமுறை சொல்லுங்கள், பதிவு செய்துகொள்கிறேன்" என்றான். சொன்னேன். என் வாழ்நாளில் பாதியை விழுங்கிய எழுத்து 'ப' என்பதை அவன் அறியான்.

1963ஆம் ஆண்டு எனக்கு ஒன்பது வயது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திடலில் பேச்சுப் போட்டி நடந்தது. மேடையேறி, "பெரியோர்களே" என்று தொடங்க வாய் திறந்தேன். இதழ்கள் ஒட்டிக்கொண்டன. மூச்சு நெஞ்சில் நின்றது. பால்மரம் வெட்டிய களைப்போடு வந்து அமர்ந்திருந்தவர்கள் முதலில் காத்திருந்தார்கள். பிறகு எங்கோ ஒரு சிரிப்பு எழுந்தது. பின்னர் திடலே சிரித்தது. வெளுத்த சட்டையணிந்து முன்வரிசையில் இருந்த என் தந்தையார் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையை நான் இன்றளவும் மறந்தேனில்லை.

வியப்பு என்னவெனில், அதே கோயிலில் பஜனைப் பாடும்போது நான் திக்கியதே இல்லை. திக்குவாயர் பலர் பாட்டில் திக்குவதில்லை என்பது மருத்துவரும் அறிந்த செய்திதான். தாளம் முன்னே வழி காட்டுகிறது; உயிரெழுத்துகள் நீள்கின்றன; நாக்குக்கு அச்சம் விலகுகிறது. இசையே எனக்குப் புகலிடமாக இருந்தது.

ஆதலால், 1985ஆம் ஆண்டு பிரிட்டனின் பால் ஹார்ட்காசில் இயற்றிய 'நைன்டீன்' என்ற பாடலைக் கிள்ளானில் ஓர் ஒலிநாடாக் கடை வாயிலில் கேட்டபோது திடுக்கிட்டேன். வியட்நாம் போர் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சி ஆவணப் படத்தின் வருணனையாளர் குரலை எடுத்து, பத்தொன்பது என்னும் அந்த ஆங்கிலச் சொல்லை 'ந-ந-ந' என்று திக்க வைத்திருந்தார் அவர். சிறு ஒலித்துண்டுகளை மட்டுமே நினைவில் கொள்ளும் எமுலேட்டர் என்னும் கருவியின் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பெற்ற விளைவு அது. போரில் நின்ற பிள்ளைகளின் வயது என்று அப்பாடல் கூறும் எண் அவ்வாறு திக்கியது பொருத்தமே என்று இப்போது எண்ணுகிறேன். அன்றோ, என் புகலிடத்திலும் என்னை எள்ளி நகையாட வந்துவிட்டார்களே என்று குமுறினேன்.

இன்று விசையை அழுத்தவும் வேண்டியதில்லை. பேரன் என் சொல்லின் அலைவடிவைத் திரையில் விரித்தான். 'ப'வின் வெடிப்பையும் அதையடுத்த உயிரின் சிறு நுனியையும் நறுக்கினான். நிமிடத்திற்கு 120 அடி செல்லும் பாட்டில் ஓர் அடி அரை விநாடி; அதில் கால்பங்கு 125 மில்லி விநாடி. அந்த அளவில் நான்கு துண்டுகளை அடுக்கினான். வெட்டுவாயில் 'டக்' என்ற ஓசை கேட்டதும், ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் இரண்டு மூன்று மில்லி விநாடி மெல்லத் தேய்த்தான். தச்சன் இழைப்புளி பிடிப்பதுபோல அத்தனை பொறுமை!

பிறகு இயக்கினான். "ப-ப-ப-ப-பறந்து வா." என் குரல்.

நான் எழுந்து சன்னலருகே சென்றுவிட்டேன். அவன் காரணம் கேட்டான். திடலைப் பற்றிச் சொன்னேன். முகம் வாடி, "அழித்துவிடட்டுமா தாத்தா?" என்றான்.

"வேண்டாம், ஆனால் நீ செய்திருப்பது பொய்த் திக்கல்" என்றேன். என் திக்கலில் அளந்து வைத்த துண்டுகள் இல்லை. முதலில் ஒன்றுமே இல்லை. வாய் பூட்டிக்கொள்ளும், மூச்சு நிற்கும். சிரித்தவர்கள் கேட்டது அந்த வெறுமையைத்தான்.

அவன் துண்டுகளில் மூன்றை நீக்கினான். சொல்லுக்கு முன்பிருந்த தாளத்தையும் பின்னணியையும் நிறுத்தி, ஓர் அடி வெற்றிடம் விட்டான். இயக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் நீளட்டும்" என்றேன்.