நாய்க்கடிக்கு ஒரு நம்பர்

அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்கு சாஃப்ட்வேர் எழுதுறதுதான் நம்ம பொழப்பு. நாய் கடிச்சா டபிள்யூ54.0. வலது முழங்காலுக்குக் கீழ மேலோட்டமான கடின்னா எஸ்80.871. எல்லாம் மனப்பாடம்.

போன வாரம் அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடை வாசல்ல ஒரு நாய் என் கெண்டைக்காலைப் பதம் பார்த்துடுச்சு. ரத்தம் இல்லை, கீறல்தான். மனசுக்குள்ளயே 'மேலோட்டம்'னு கோட் போட்டுட்டுத் தூங்கிட்டேன் (படிச்ச முட்டாள்!).

காலைல அம்மா பார்த்துட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனாங்க. அங்க வேற கணக்கு. ரத்தம் வராத கீறலே ரெண்டாம் வகையாம், தடுப்பூசி கட்டாயம். ரத்தம் வந்திருந்தா மூணாம் வகை, இம்யூனோகுளோபுலினும் சேரும்.

"சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவினீங்களா?"

முழிச்சேன். ரேபிஸ் அறிகுறி வந்துட்டா பிழைக்கிறது அனேகமா கிடையாதுன்னாரு டாக்டர்.

0, 3, 7, 28-ஆம் நாள் ஊசி. இன்னிக்கு மூணாவது. நாயையும் 10 நாள் கவனிக்கணுமாம். போய்ப் பார்த்தேன், டீக்கடை வாசல்லயே பொறை தின்னுக்கிட்டிருக்கு :)